பால் மறக்கும் நாளும் கறியின் எடையும்: திருவள்ளூர்ச் செம்மறிகளை முன்வைத்து

1. 90 நாள் என்ற கணக்கு

செம்மறிக் குட்டியைத் தாயிடமிருந்து எப்போது பிரிப்பது என்று கேட்டால் நம் கால்நடைக் கையேடுகள் பெரும்பாலும் 90 நாள் என்கின்றன. கொட்டகையில் அடைத்துத் தீவனம் போட்டு வளர்ப்பவர்களுக்கு 60 நாளே போதும் என்ற பரிந்துரையும் உண்டு. வெளிநாட்டுப் பண்ணைகள் சில 45 நாளிலேயே பிரித்துவிடுகின்றன. கும்மிடிப்பூண்டி வட்டத்தில் மாதர்பாக்கம், பாதிரிவேடு பக்கம் மந்தை வைத்திருப்பவரைக் கேட்டால் நாள் கணக்கே வராது. தானாக மறந்துவிடும் என்பார், அல்லது வியாபாரி பிடித்துப்போகும்வரை குடிக்கும் என்பார்.

பால் மறக்கடிக்கும் வயதை முன்னே கொண்டுவந்தால் குட்டியின் வளர்ச்சியும் கடைசியில் கிடைக்கும் கறியும் கூடுமா, குறையுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் நிலைப்பாட்டை இங்கேயே சொல்லிவிடலாம். ஆய்வுகள் வயதின் விளைவு என்று பதிவு செய்வதில் பெரும்பகுதி, பால் நின்றபின் குட்டியின் வாய்க்கு என்ன கிடைத்தது என்பதன் விளைவு. திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில் அது தீவன அறிவைவிட நிலத்தைப் பொறுத்த விஷயம்.

முதலில் அந்த 90 என்ற எண்ணைச் சற்று விசாரிக்க வேண்டும். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1971இல் செம்மறி இனப்பெருக்கத்துக்கு அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1990இல் அது வலைப்பின்னல் திட்டமாக மாறியது. குட்டிகளைப் பிறந்தபோதும் மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு மாதங்களிலும் எடை போடுவது இத்தகைய திட்டங்களின் வழக்கம். மூன்றாம் மாத எடைக்குப் 'பால் மறப்பு எடை' என்றே பெயர். ஆயிரக்கணக்கான குட்டிகளை ஒப்பிட்டு நல்ல கிடாயைத் தேர்ந்தெடுக்க எல்லாவற்றுக்கும் ஒரே நாள் வேண்டும், மூன்று மாதம் அதற்கு வசதியானது. ஆக 90 நாள் என்பதில் குட்டியின் உடலியல் எவ்வளவோ, பதிவேட்டின் வசதியும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கிறது. பதிவேட்டுக்காக வைத்த கோடு காலப்போக்கில் இயற்கை விதிபோல் வாசிக்கப்பட்டுவிட்டது என்பது என் ஐயம்.

2. சிவப்பு ஆடு

இப்பகுதியின் ஆடு 'மெட்ராஸ் ரெட்' என்று பதிவான இனம், தமிழில் சென்னைச் சிவப்பு. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, சென்னைச் சுற்றுவட்டாரம் இதன் தாய்நிலம். கம்பளி தராத, முடி மூடிய ஆடு. உடல் செம்பழுப்பு, சிலவற்றுக்கு நெற்றியிலும் அடிவயிற்றிலும் தொடையின் உட்பக்கத்திலும் வெள்ளை இருக்கும். கிடாய்க்குக் கொம்பு உண்டு, பெட்டைக்குப் பொதுவாக இல்லை. வளர்ந்த கிடாய் சுமார் 35 கிலோவும் பெட்டை 23 கிலோவை ஒட்டியும் நிற்கும். பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் ஈனும். ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கம் பக்கம், கால் நீண்ட நெல்லூர் இனத்தின் சாயல் கலந்த மந்தைகளும் தென்படும்.

இது சிறிய ஆடு என்பதை வாசகர் மறந்துவிடக் கூடாது. பால் மறப்பு பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு எடையுள்ள ஐரோப்பிய இனங்களிலும், பாலுக்காகவே வளர்க்கப்படும் இனங்களிலும் நடந்தவை. பிரான்ஸின் லக்கோன் ஆட்டுக் குட்டியை ஏறக்குறைய ஒரு மாதத்தில் பிரிக்கிறார்கள் என்றால் காரணம் பாலாடைக்கட்டி. தாயின் பால் விற்பனைக்கு வேண்டும், குட்டி அதற்குப் போட்டியாக நிற்கிறது. ஸ்பெயினில் பால்குடிக் குட்டியை அப்படியே அறுத்து விற்பதன் பின்னணியும் பால்தான். நம் ஊரில் செம்மறிப் பாலை யாரும் கறந்து விற்பதில்லை. அங்கே முன்கூட்டிப் பிரிப்பதற்கு இருந்த பொருளாதார நியாயம் இங்கே இல்லை, எனவே வேறு நியாயம் காட்டியாக வேண்டும்.

சென்னைச் சிவப்பைப் பற்றிய அறிவின் மையம் காட்டுப்பாக்கம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் முதுநிலை ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. நிலைய மந்தையோடு, மேய்ப்பவர்களின் மந்தைகளிலும் எடைப் பதிவுகள் எடுத்திருக்கிறார்கள். அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் குட்டி பிறக்கும்போது இரண்டரை முதல் மூன்று கிலோ, மூன்று மாதத்தில் 9 முதல் 11, ஆறு மாதத்தில் 13 முதல் 16, ஒரு வருடத்தில் 20 கிலோவைச் சுற்றி என்ற சித்திரம் கிடைக்கிறது. இந்தத் தோராய எண்களே பின்வரும் கணக்குகளுக்கு அடிப்படை.

3. குட்டியின் வயிற்றுக்குள்

பிறந்த குட்டி அசைபோடும் பிராணி அல்ல. நான்கு வயிற்றறைகளில் உண்மையில் வேலை செய்வது நான்காவது மட்டுமே. குட்டி தலையைத் தூக்கிக் காம்பைச் சப்பும்போது உணவுக்குழாயின் முடிவிலுள்ள ஒரு பள்ளம் குழாய்போல் மூடிக்கொள்ளும், பால் முதல் வயிற்றைத் தொடாமல் நேரே நான்காவதில் இறங்கும். அப்போது முதல் வயிற்றின் உட்சுவர் வழுவழுப்பாக, உறிஞ்சும் திறன் இல்லாமல் கிடக்கும்.

இரண்டாம் மூன்றாம் வாரத்தில் குட்டி எதையாவது கொறிக்கத் தொடங்கும். தாயின் தீவனத்தில் சிந்தியதோ கொட்டகை ஓரத்து அறுகம்புல்லோ உள்ளே போனதும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைக்கின்றன. அதில் பிறக்கும் அமிலங்கள், குறிப்பாகப் பியூட்டிரிக் அமிலம், சுவரைத் தூண்டிக் காம்புபோன்ற முளைகளை வளர்க்கின்றன. ஆட்டுப் போட்டியைச் சுத்தம் செய்தவர்களுக்கு அந்தச் சுவர் பழக்கம், தேங்காய்ப்பூத் துண்டு மாதிரி இருக்கும். கொடுக்கிற தீனியைப் பொறுத்து எட்டு வாரத்தில் இந்த வயிறு தன் காலில் நின்றுவிடும். வயிற்றின் பருமனைப் புல்லும் வைக்கோலும் பெருக்கும். முளைகளை வளர்ப்பது தானியமும் புண்ணாக்கும் கலந்த குட்டித் தீவனம். பாலை மட்டும் குடித்து 60 நாளை எட்டிய குட்டிக்கு வயது ஆகியிருக்கும், வயிறு ஆகியிருக்காது.

தாயின் பக்கமும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஈன்ற மூன்றாம் நான்காம் வாரத்தில் பால் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். முழுப் பாலில் பெரும்பங்கு முதல் எட்டு வாரத்திலேயே சுரந்து முடிகிறது. ஒரு கிலோ எடை கூட ஏறக்குறைய ஐந்து லிட்டர் தாய்ப்பால் வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. முதல் மூன்று மாதத்தில் நம் குட்டி நாளொன்றுக்குச் சுமார் 80 கிராம் கூடுகிறது. அது முழுக்கப் பாலிலிருந்தே வந்ததென்றால் தினமும் 400 மில்லி குடித்திருக்க வேண்டும். ரோட்டோரம் மேய்ந்து திரும்பும் தாய் முதல் மாதத்தில் அவ்வளவு தரக்கூடும், மூன்றாம் மாதத்தில் தருவது கடினம். எனவே அறுபது எழுபது நாள் தாண்டிய குட்டி காம்பில் தொங்கினாலும் அதன் எடையில் கணிசமான பங்கு வெளித்தீனியால் வந்தது. முன்கூட்டிப் பிரிக்கலாம் என்பவர்களின் வலுவான வாதம் இதுதான், இதை நான் ஏற்கிறேன்.

ஆனால் எந்த நாளில்? நாளை விட்டு எடையைப் பார்க்கச் சொல்லும் ஓர் அளவுகோல் பல நாடுகளில் புழங்குகிறது. பிறப்பு எடையின் இரண்டரை முதல் மூன்று மடங்கு வந்தபின் பிரிக்கலாம் என்கிறது அது. நம் குட்டி 2.7 கிலோவில் பிறந்தால் 6.75 முதல் 8.1 கிலோ. நாளுக்கு 80 கிராம் கூடும் குட்டி அந்த எல்லைகளை 51ஆம் நாளிலும் 68ஆம் நாளிலும் தொடும். நாளுக்கு 60 கிராமே கூடும் நோஞ்சான் குட்டி அதே எல்லைகளைத் தொட 68 நாளும் 90 நாளும் ஆகும். ஒரே மந்தையில், ஒரே வாரத்தில் பிறந்த இரண்டு குட்டிகளுக்கு இரண்டு மூன்று வார வித்தியாசம் வந்துவிடுகிறது. 60, 90 என்ற இரண்டு பரிந்துரைகளுமே சரியாக இருக்க முடியும், வெவ்வேறு குட்டிகளுக்கு.

4. எடைச் சரிவுக்கு யார் காரணம்

மேலே தந்த எடைச் சித்திரத்தை இன்னொரு முறை பார்க்கலாம். பிறப்பிலிருந்து மூன்று மாதம்வரை நாளுக்கு 80 கிராம். மூன்றிலிருந்து ஆறு மாதம்வரை 10 கிலோவிலிருந்து 14.5க்குப் போகிறது என்று கொண்டால் நாளுக்கு 50 கிராம். வேகம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. பால் நின்ற அதிர்ச்சி என்று இதை விளக்குவது சுலபம், ஆனால் அந்த முடிவுக்குத் தாவ முடியாது. ஏனென்றால் மேய்ச்சல் மந்தையில் அந்த மூன்று மாதத்தில் வேறு பலவும் ஒன்றாக நடக்கின்றன.

பருவம் முதலாவது. மழைக்குப் பின் மார்கழியில் பிறந்த குட்டிக்கு 90 நாள் பங்குனியில் முடியும். அதற்கடுத்த மூன்று மாதம் கோடை. புல் காய்ந்து, புரதம் வற்றிப்போன காலம். அந்தக் குட்டியை 60 நாளில் பிரித்திருந்தாலும் 120 நாளில் பிரித்திருந்தாலும் சித்திரை வெயில் மாறியிருக்காது. ஆனி ஆடியில் பிறந்த குட்டிக்கு 90ஆம் நாளுக்குப் பின் வடகிழக்குப் பருவமழை வரும். புல் இருக்கும், கூடவே ஈரமும் புழுவும் இருக்கும்.

அந்தப் புழு இரண்டாவது காரணம். நான்காவது வயிற்றில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழு நம் செம்மறிகளின் நிரந்தரக் குடித்தனக்காரர். ஈன்ற தாயின் எதிர்ப்பாற்றல் சில வாரம் தணிந்திருக்க, அதன் புழுக்கையில் முட்டைகள் பெருகும். அதே தரையில் குட்டி மேயத் தொடங்கும்போது அத்தனையும் அதற்குள் போகும். இங்கே பிரிப்பது உண்மையிலேயே உதவலாம். ஆனால் ஆடு மேயாத தரைக்கு, உதாரணமாக அறுவடை முடிந்த வயலுக்கு, குட்டியைக் கொண்டுபோனால்தான் உதவும். பிரித்தபின்னும் அதே ஏரிக்கரையில் மேய்த்தால் புழுவைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை.

மூன்றாவது, குட்டிகள் பல நேரம் விற்பனையால்தான் பால் மறக்கின்றன. தீபாவளிக்கோ பக்ரீத்துக்கோ வளர்த்து விற்பதற்கென்று மூன்று நான்கு மாதக் கிடாக்குட்டிகளை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். தாய், கூட்டம், மேய்ச்சல் தரை, தண்ணீர் எல்லாம் ஒரே நாளில், ஒரு குட்டியானை வண்டிப் பயணத்தில் மாறிவிடுகின்றன. ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி மூன்று மாதம் ஆனபின் போடப்படுவது. அதற்கு முன்பே கைமாறும் குட்டிக்கு அந்தக் காப்பும் இருக்காது. சீம்பாலில் வந்த எதிர்ப்பு பிறந்த முதல் நாளிலேயே உடலில் சேர்ந்துவிட்ட ஒன்று. பாலைத் தொடர்ந்து குடிப்பதால் அது நீளாது, நிறுத்துவதால் உடனே போய்விடவும் செய்யாது. ஆனால் அது கரைந்துகொண்டிருக்கும் வாரங்களில் புது மந்தையோடு கலப்பது ஆபத்து. மருத்துவர்கள் பிரிப்பையும் இடமாற்றத்தையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

நான்காவது காரணம் ஆய்வேடுகளின் அட்டவணைக்குள் இருக்கிறது. சராசரி எடை உயிரோடு இருக்கும் குட்டிகளின் சராசரி. பத்துக் குட்டிகளைப் பொறுமையாக வளர்த்து ஆறாம் மாதம் ஆளுக்கு 14 கிலோ கிடைத்தால் 140 கிலோ. முன்கூட்டிப் பிரித்ததில் ஒன்று செத்து மீதி ஒன்பதும் 15 கிலோ வந்தால் சராசரி கூடியிருக்கிறது, மொத்தம் 135 கிலோ. அட்டவணையில் வென்ற முறை பட்டியில் தோற்றிருக்கிறது. தானியத் தீவனத்துக்குத் திடீரென மாறும் குட்டிகளைத் துள்ளுமாரி நோய் கொண்டுபோவது ஆடு வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. கொழுத்த, நன்றாகத் தின்னும் குட்டியாகப் பார்த்து அது கொல்லும் என்பது கூடுதல் கொடுமை.

இத்தனையும் விலக்கி, நல்ல தீவனத்தோடு கட்டுப்பாட்டில் நடந்த சோதனைகள் ஓரளவு ஒரே திசையில் பேசுகின்றன. எட்டு வாரத்தில் பிரித்த குட்டிகள் ஒன்றிரண்டு வாரம் எடையில் தடுமாறும், பிறகு எட்டிப்பிடிக்கும். ஆறேழு மாதத்தில் நிறுத்தால் தாயோடு நீண்டகாலம் இருந்தவற்றிலிருந்து பெரிய வித்தியாசம் தெரியாது. எட்டிப்பிடிப்பது தீவனம் இருந்தால் மட்டும் நடப்பது. தடுமாற்றமும் பஞ்சமும் ஒன்றாக வந்தால் குட்டி அந்த எடையை அடையும், ஆனால் இரண்டு மூன்று மாதம் பிந்தி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் மேய்ப்பவர்கள் நாள் குறித்துப் பிரிப்பதில்லையே தவிர, பிரிக்காமல் இல்லை. இளங்குட்டியைப் பட்டியில் விட்டுவிட்டுத் தாயை மட்டும் மேய்ச்சலுக்கு ஓட்டுகிறார்கள். காலையிலும் மாலையிலும் மட்டும் பால். பொழுது சாயும்போது மந்தை தெருமுனையில் திரும்பியதும் குட்டிகள் கத்தும் கத்தலில் பக்கத்தில் நின்று பேச முடியாது. அவிழ்த்துவிட்டால் ஒவ்வொன்றும் தன் தாயை மோந்து கண்டுபிடித்து, முன்காலை மடக்கி, மடியை முட்டி முட்டிக் குடிக்கும். பகலெல்லாம் பட்டியில் இருக்கும் குட்டி பசிக்கு வேப்பந்தழையையும் கடலைக்கொடியையும் கடிக்கிறது, அதன் வயிறும் முன்னதாகத் தயாராகிறது. ஆய்வுக்கூடங்கள் 'கட்டுப்படுத்திய பாலூட்டல்' என்று தனி முறையாகச் சோதிப்பது இதைத்தான். இங்கே அது நெடுங்கால வழக்கம். ஆகவே 60 நாளையும் 'இயற்கையான' பால் மறப்பையும் எதிரெதிராக நிறுத்தும் ஒப்பீடு இப்பகுதிக்குப் பொருந்தாது.

5. கறி எங்கே கூடுகிறது

எடை எல்லாம் கறி அல்ல. இளவயதில் பட்டினி கிடந்த குட்டி பின்னால் தேறினாலும் அதன் கறியின் அமைப்பு கெட்டுவிடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. இதற்கு அறிவியல் அடித்தளம் இட்டவர் கேம்பிரிட்ஜின் ஜான் ஹாமண்ட். உடல் அலை அலையாக வளர்கிறது, முதலில் எலும்பு, பின் தசை, கடைசியில் கொழுப்பு என்று 1932இல் வெளிவந்த தன் செம்மறி நூலில் அவர் நிறுவினார். அவர் வழிவந்த பால்சனும் வெர்ஜெஸும் 1952இல் குட்டிகளை வெவ்வேறு தீவன நிலைகளில் வளர்த்து அறுத்துப் பார்த்து, பற்றாக்குறை பின்வளரும் பாகங்களையே அதிகம் தண்டிக்கிறது என்றனர். இதன்படி இரண்டு மூன்று மாத வயதில் வரும் தடங்கல் தொடையையும் முதுகையும் பாதிக்க வேண்டும்.

1964இல் எல்ஸ்லி, மெக்டொனால்ட், ஃபவுலர் மூவரும் அதே வகைத் தரவுகளை எடுத்துக் கொழுப்பை மட்டும் கழித்துவிட்டு மறுபடி கணக்கிட்டார்கள். தசைக்கும் எலும்புக்கும் இடையிலான விகித வேறுபாடுகள் பெரும்பாலும் மறைந்துபோயின. தீவனநிலை மாற்றியது முக்கியமாகக் கொழுப்பை. இந்த மறுவாசிப்பு நம் ஆட்டுக்கு மிகவும் பொருத்தம் என்று நினைக்கிறேன். சென்னைச் சிவப்பு ஆறு மாதத்தில் 15 கிலோ நிற்கும்போது அதன் மேல் கொழுப்பே அதிகம் இல்லை. கொழுப்பு இல்லாத உடலில் கறியின் அளவைத் தீர்மானிப்பது ஏறக்குறைய அறுக்கும் எடை மட்டுமே. ஒரே எடையில் அறுத்தால் முன்கூட்டிப் பிரித்ததும் பிந்திப் பிரித்ததும் தரும் கறியில் சொல்லத்தக்க வேறுபாடு இருக்காது. அந்த எடைக்கு வர எத்தனை நாள் ஆனது, அத்தனை நாளும் அது என்ன தின்றது என்பதில்தான் வேறுபாடு.

கறி விழுக்காடு என்ற அளவும் ஏமாற்றக்கூடியது. இந்தியச் செம்மறிகளில் உயிர் எடைக்கு 45 முதல் 50 விழுக்காட்டுக்குள் கறி நிற்கும். பால்குடிக் குட்டியின் முதல் வயிறு சிறியது, உள்ளே புல் அடைசல் குறைவு. எனவே விழுக்காடு உயர்ந்து தெரியும். முன்கூட்டிப் பிரித்துப் புல்லும் கொடியும் தின்ற குட்டிக்கு வயிறு பெரிது, விழுக்காடு இறங்கித் தெரியும். அறுப்பதற்கு முன் ஒரு இரவு பட்டினி போட்டார்களா, வயிறு நிறைய நிறுத்தார்களா என்பதிலேயே சில புள்ளிகள் ஏறி இறங்கும். ஐரோப்பியக் கறிச் சந்தையில் இந்தப் புள்ளிகள் லாப நட்டத்தைத் தீர்மானிக்கலாம். செங்குன்றத்திலும் புளியந்தோப்பிலும் கதை வேறு. இங்கே தலை, கால், ஈரல், நுரையீரல், ரத்தம், குடல் எல்லாவற்றுக்கும் தனி விலை உண்டு. விழுக்காட்டைக் குறைத்த அதே பெரிய வயிறு போட்டியாக விலைபோகிறது. 'கறி மகசூல்' என்பதை வெற்றுடல் எடையாக மட்டும் வரையறுக்கும் ஆய்வுகளை வாசிக்கும்போது சென்னைக் கசாப்புக் கடையின் இந்த நடைமுறையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

6. தாயின் கணக்கு

முன்கூட்டிப் பிரிப்பதால் குட்டிக்குக் கறி கூடாது என்றால் வேறு யாருக்கு லாபம்? தாய்க்கு. செம்மறியின் சினைக்காலம் சுமார் 150 நாள். இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று வேண்டுமானால் ஈற்றுக்கு ஈற்று எட்டு மாதம், அதாவது 240 நாள். கழித்தால் 90 நாள்தான் மிச்சம். ஈன்ற 90 நாளுக்குள் தாய் மறுபடி சினைபிடிக்க வேண்டும். குட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருக்கும் வரை பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும், உடலும் இளைக்கும். வெப்பநாட்டு ஆடுகள் ஐரோப்பிய ஆடுகள்போல ஒரே பருவத்தில் கட்டுண்டவை அல்ல என்பதால் எட்டு மாத ஈற்று இங்கே நடக்கக்கூடியது. 60 நாளில் பிரித்தால் தாய்க்கு ஒரு மாதம் தேற நேரம் கிடைக்கிறது. வருடத்துக்கு ஒரு குட்டி என்பது ஒன்றரைக் குட்டி ஆனால், ஒவ்வொரு குட்டியின் எடையில் அரைக் கிலோ குறைந்தாலும் தாய்க்கு இத்தனை கறி என்ற கணக்கில் பெரிய ஆதாயம்.

இதற்கு விலை உண்டு. 60க்கும் 90க்கும் இடைப்பட்ட 30 நாளில், தாய்ப்பால் இல்லாமல் குட்டி அதே வேகத்தில் வளர, பசுந்தீனியோடு தினம் 200 கிராம் அடர்தீவனம் என்று வைத்தால் ஆறு கிலோ. கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோளம், தவிடு, தாது உப்பு எல்லாம் காசு கொடுத்து வாங்குவது. தாய் தின்பது காசில்லாத புல். தீவன அறிவியல் சொல்லும்: தாய்க்குப் போட்டு அது பாலாகி அது குட்டியாவதைவிட, நேரே குட்டிக்குப் போடுவது சிக்கனம், ஏனெனில் மாற்றம் ஒருமுறைதான் நடக்கிறது. தீவனம் இரண்டு பக்கமும் கடையிலிருந்து வந்தால் அது உண்மை. வரப்புப் புல்லை, குட்டியின் வயிறு தாங்காத முரட்டுச் செடியைப் பாலாக மாற்றித் தருவது தாயின் மடி. அந்த வேலையை நிறுத்திவிட்டுப் புண்ணாக்கு வாங்குவது கையில் பணமுள்ளவருக்கே சிக்கனம்.

தாய் எலும்பும் தோலுமாக இருந்தால் குட்டியை 45 நாளில் பிரித்தாலும் அது பருவத்துக்கு வராது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆக, முன்கூட்டிப் பிரிப்பதன் மெய்யான ஆதாயமும் மேய்ச்சலில் போய் முடிகிறது.

7. மேய்க்கால் போன பின்

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை வட்டங்களில் ஆட்டின் வருடம் நெல்லின் வருடத்தோடு பிணைந்தது. சம்பா தையில் அறுக்கும், தாளடி நிலம் ஆட்டுக்குத் திறக்கும். கிணறும் ஏரியும் கைகொடுக்கும் இடங்களில் உடனே நவரை நடுவார்கள், வயல் மறுபடி மூடிக்கொள்ளும். நவரை அறுக்கும்போது சித்திரை. பிறகு சொர்ணவாரி. பயிர் நிற்கும் மாதங்களில் ஆடுகளுக்கு இருந்த இடம் ஏரி உள்வாய், கரை, காட்டோரம், ஊர்ப் பொது மேய்க்கால். குட்டி பால் மறக்கும் வாரங்களில் மென்மையான புல்லுக்கு மேய்ப்பவர் நம்பியதும் அதைத்தான்.

கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகை இந்த வகை நிலத்துக்கு நேர்ந்ததற்கு அறியப்பட்ட சாட்சி. அங்கே 1,100 ஏக்கருக்கு மேற்பட்ட மேய்க்காலும் புதர்க்காடும் சிப்காட் தொழில் வளாகத்துக்காக எடுக்கப்பட்டன. பெரும்பாலும் தலித் குடும்பங்கள் வாழும் அவ்வூரார் போராடினார்கள். வளாகத்தில் மிஷெலின் டயர் ஆலை அமைய இருந்ததால் விவகாரம் 2012இல் பிரான்ஸில் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) நெறிமுறைகளுக்கான தொடர்பு அமைப்பு வரை புகாராகப் போனது. வேலைவாய்ப்பு, இழப்பீடு, நீர்நிலை என்று அந்த விவாதம் பல பக்கம் ஓடியது. அங்கே மேய்ந்த ஆட்டின் குட்டி பால் மறந்தபின் எதைத் தின்னும் என்று யாரும் அளந்ததாகத் தெரியவில்லை. அளக்க வேண்டிய கேள்விதான்.

நிலம் சுருங்கும்போது நியூசிலாந்துப் பண்ணையாளர் ஒரு விதியைக் கையாள்வார்: புல் தட்டினால் குட்டியை முன்கூட்டிப் பிரி. தாயும் குட்டியும் ஒரே புல்லுக்குப் போட்டியிடுகின்றன, நல்ல புல்லைக் குட்டிக்கு ஒதுக்கித் தாயை மட்டமான தரைக்கு அனுப்பு என்பது அதன் தர்க்கம். அங்கே அது செல்லும், ஏனென்றால் வேலியிட்ட இரண்டு வயல்கள் அவரிடம் இருக்கின்றன. ஜி.என்.டி. சாலையோரம் முப்பது ஆடு ஓட்டுபவரிடம் ஒரு வயலும் இல்லை. அவருக்கு நல்ல தரை, மட்டத் தரை என்ற தேர்வு கிடையாது. இருக்கும் ஒரே மேய்ச்சலில் பாலிதீன் பைகளும் கலந்து கிடக்கின்றன. பையைத் தின்ற ஆடு வயிறு அடைத்துச் சாகும், அதில் தாய் குட்டி பேதமில்லை. எனவே அதே பற்றாக்குறை நியூசிலாந்தில் முன்கூட்டிப் பிரிக்கவும், இங்கே பிந்திப் பிரிக்கவும் காரணமாகிறது. இரண்டும் அந்தந்த இடத்தில் அறிவார்ந்த முடிவுகள்.

அரசுத் திட்டங்கள் இந்தக் கேள்விக்குள் வரவே இல்லை. ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடு தந்த விலையில்லாத் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் 7 லட்சம் குடும்பங்கள் அதன் இலக்காக இருந்தது. மூன்று பெட்டையும் ஒரு கிடாயும் வைத்திருக்கும் வீட்டில் குட்டிகளுக்குத் தனிப் பட்டி, தனித் தீவனத் தொட்டி, தனி மேய்ச்சல் என்று வயதுவாரியாகப் பிரிக்க இடமேது? குட்டி குடிக்காதபடி காம்பில் சாணி தடவுவதுதான் அங்கே கைவசமுள்ள தொழில்நுட்பம். தமிழ்நாட்டில் 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி 45 லட்சம் செம்மறிகள் உள்ளன. அவற்றில் பல இத்தகைய சிறு மந்தைகளில் இருக்கின்றன. கையேடுகள் மனத்தில் வைத்து எழுதுவது கொட்டகைப் பண்ணையை.

8. எதை அளப்பது

கொட்டகையில் அடைத்து வளர்ப்பவர், கோ-4 புல்லும் வேலிமசாலும் சொந்தமாக வைத்திருப்பவர், எட்டு மாத ஈற்றை நாடுபவர் 60 நாளுக்கு வரலாம். அதற்கு நிபந்தனை, மூன்றாம் வாரத்திலிருந்தே தாய் நுழைய முடியாத இடைவெளிவிட்ட தடுப்புக்குள் குட்டித் தீவனம் வைத்திருக்க வேண்டும், பிரிக்கும் வாரத்தில் குட்டி தினம் 200 கிராமாவது தின்று பழகியிருக்க வேண்டும். தீவனத் தொட்டியின் மிச்சத்தை நிறுத்துப் பார்ப்பது நாட்காட்டியைப் பார்ப்பதைவிட நம்பகமானது. மேய்ச்சலை மட்டும் நம்பியவருக்கு, கோடையில் பால் மறக்கும் குட்டியை மூன்று மாதத்துக்கு முன் பிரிக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. தையில் தாளடி திறக்கும்போது எட்டு வாரம் தாண்டிய கொழுகொழு குட்டிகளை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். தரை புதிது, புழு குறைவு, சிதறிய நெல்மணியும் கிடைக்கும்.

காட்டுப்பாக்கம் போன்ற நிலையங்களும் திரூர் வேளாண் அறிவியல் நிலையமும் மேய்ப்பவர்களின் மந்தைகளிலேயே இதைச் சோதிக்கலாம். குட்டியின் ஆறாம் மாதச் சராசரி எடையை மட்டும் முடிவாகக் கொண்டால் மேலே சொன்ன குழப்பங்கள் அத்தனையும் திரும்ப வரும். அளக்க வேண்டியது ஒரு தாய் ஆட்டுக்கு ஒரு வருடத்தில் விற்ற குட்டியின் உயிர் எடை. செத்த குட்டிக்குச் சுழியம் போட வேண்டும், சினைபிடிக்காத தாயையும் கணக்கில் சேர்க்க வேண்டும், கடையில் வாங்கிய தீவனத்தின் விலையைக் கழிக்க வேண்டும். நவரை நடும் ஊர் ஒன்றையும் நடாத ஊர் ஒன்றையும் எடுத்துக்கொள்ளலாம். மேய்க்கால் மிஞ்சியிருக்கும் ஊர் ஒன்றும் சிப்காட் மதிலை ஒட்டிய ஊர் ஒன்றும் அதில் இருக்க வேண்டும். பதிவு ஒரு ஈற்றோடு நிற்காமல் குறைந்தது மூன்று ஈற்றுக்குப் போக வேண்டும். முதல் ஈற்றில் முன்கூட்டிப் பிரித்த தாய் அடுத்த இரண்டிலும் எப்படி ஈனுகிறது என்பதில்தான் லாபமோ நட்டமோ ஒளிந்திருக்கிறது.